ஓம்னி வேனில் ஸ்டியரிங் ஆட்டம்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

"ஸ்டியரிங் லூஸ்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது ஏழெட்டுப் பழுதுகள் இருக்கின்றன. ஒன்று ஒரு போல்ட்டை இறுக்கினால் தீரும். இன்னொன்றுக்கு, சக்கரங்களைத் திருப்பும் பல் வெட்டிய தண்டான ராக்கையே இறக்க வேண்டும். எதுவென்று பார்க்காமல் இரண்டு டை ராட் எண்டையும் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) மாற்றி, அலைன்மெண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, ஆட்டம் அப்படியே இருக்கிறதே என்று நிற்பவர்கள் நிறையப் பேர். அதைவிட ஆபத்து, ராக்கின் அடியில் இருக்கும் ஒரு ஸ்குரூவை முறுக்கி ஆட்டத்தை அமுக்கிவிடுவது. ஆடுகிற மூட்டைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உறுதி செய்யாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

1984-இல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஓம்னி என்று பெயர் மாறி, 2019 வரை விற்ற வண்டி இது. 796 சி.சி. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பின்னால் பட்டை ஸ்பிரிங். ஸ்டியரிங் ராக் வகை, பவர் கிடையாது. பவர் இல்லாதது சோதனைக்கு ரொம்ப வசதி. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். எந்த மூட்டு தேய்ந்தாலும் கைக்கு நேராகத் தெரிந்துவிடும்.

உங்கள் கையிலிருந்து டயர் வரை போகும் சங்கிலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் வீல், அதிலிருந்து கீழே இறங்கும் தண்டான காலம் ஷாஃப்ட், அடியில் சிலுவை வடிவ கிராஸ் ஜாயிண்ட், ராக்குக்குள் போகும் பினியன் என்ற சிறு பல்சக்கரம், ராக், அதன் இரு முனையிலும் மடிப்பு ரப்பர் உறைக்குள் ஒளிந்திருக்கும் ராக் எண்ட், வெளியே டை ராட் எண்ட், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள், கடைசியில் வீல் பேரிங். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலும், எல்லாம் கூடி வீலின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வந்துவிடும்.

எவ்வளவு ஆட்டம் சரி

வண்டியைச் சமதளத்தில், சக்கரம் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். சாவியைப் பூட்டு விடுபடும் நிலையில் வையுங்கள். சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் லாக் விழுந்து சோதனையே தவறாகிவிடும். வீலின் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, எதிரே டேஷ்போர்டில் ஓர் அளவுகோலை நிறுத்தி, இரண்டு விரலால் மெல்ல இடமும் வலமும் தள்ளுங்கள். முன் டயர் அசையத் தொடங்கும் வரை விளிம்பு நகரும் தூரம்தான் ஃப்ரீ ப்ளே. சுசுகியின் இந்த வகை வண்டிகளுக்குக் கம்பெனி கொடுக்கும் அளவு 0 முதல் 30 மி.மீ. வரை.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 98 இதை வேறு மாதிரி சொல்கிறது: ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. 38 செ.மீ. விட்டமுள்ள வீலில் 30 டிகிரி என்றால் விளிம்பில் ஏறக்குறைய 10 செ.மீ. அந்த வரம்புக்குள் இருக்கிறது என்பதற்காக ஓம்னியை அப்படியே ஓட்டாதீர்கள். லாரி வரை எல்லா வண்டிக்கும் பொதுவாகப் போட்ட எல்லை அது; ராக் வண்டியில் 5 செ.மீ. வந்தாலே ஏதோ ஒரு மூட்டு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதே விதியில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு: பால் ஜாயிண்டுகள் (கிண்ணத்துக்குள் உருண்டை திரும்பும் மூட்டுகள்) ரப்பர் மூடியோடு இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டு வேலையில் ஆட்கள் கோட்டை விடுவது இந்த இரண்டில்தான்.

அடியில் நுழையும் முன்

கெட்டியான தரை, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடைகட்டை, ஹேண்ட்பிரேக், முதல் கியர். வண்டியோடு வரும் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் சேஸிஸ் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து, வண்டியின் எடையை அதில் இறக்கி, கையால் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் தலையை உள்ளே விட வேண்டும். ஹாலோபிளாக் கல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

கையில் வேண்டியவை: ரிங் ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், சுத்தியல் இரண்டு, நெம்ப ஒரு நீளக் கம்பி அல்லது டயர் லீவர், கம்பி பிரஷ், துருநீக்கி எண்ணெய், வெள்ளை பெயிண்ட் அல்லது கரெக்ஷன் பேனா, டார்ச், புது காட்டர் பின்கள் (நட் கழலாமல் துளையில் செருகி மடக்கும் கம்பிப் பின்). டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு வாடகைக்கோ கடனாகவோ வாங்குங்கள். ஸ்டியரிங் வேலையில் கையிறுக்கம் போதாது.

முதல் சோதனை: இரண்டு பேர், சக்கரம் தரையில்

பாதிக்கு மேற்பட்ட பழுதுகள் இந்த ஒரே சோதனையில் பிடிபடும். அதனால் இதற்கு நேரம் கொடுங்கள். முதலில் அடிப்பாகத்தில் ஒவ்வொரு மூட்டையும் கம்பி பிரஷ் போட்டுத் துடையுங்கள். சேறு மூடியிருந்தால் ஆட்டம் தெரியாது.

ஒருவர் சீட்டில் உட்கார்ந்து வீலைக் கடிகாரத்தில் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையே சீராக, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் வேண்டாம். டயர் லேசாக எதிர்க்கும் அளவுக்குப் போனால் போதும். மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டின் இரு பக்கத்தையும் ஒரே கைப்பிடியில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பாகமும் சேர்ந்து நகர்ந்தால் அந்த மூட்டு நன்றாக இருக்கிறது. ஒன்று நகர்ந்து மற்றது தாமதித்தால், அங்கே விரலுக்கு ஒரு சின்ன 'டிக்' தெரியும். கண்ணைவிட விரல்தான் இதில் நம்பகமானது.

டயரைத் தூக்கி வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தொங்கும் சக்கரம் எதிர்ப்பே தராமல் கூடவே திரும்பிவிடும். தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டு போலவே தெரியும்.

வீல் சும்மா சுற்றுகிறது, கீழே ராக் தாமதமாகத்தான் அசைகிறது

சந்தேகம் கிராஸ் ஜாயிண்ட் மேல். காலம் ஷாஃப்டிலும் பினியன் ஷாஃப்டிலும் குறுக்காக ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிட்டு வீலை ஆட்டச் சொல்லுங்கள். மேல் கோடு நகர்ந்து கீழ்க் கோடு நின்றால் இடையில் இருப்பதுதான் குற்றவாளி.

இங்கே இரண்டு வகை உண்டு. ஜாயிண்டைப் பினியனோடு கவ்வும் கிளாம்ப் போல்ட் தளர்ந்திருக்கலாம். அப்படியென்றால் இறுக்கினால் சரி. அளவு சுமார் 25 நியூட்டன் மீட்டர். ஆனால் இறுக்கும் முன் போல்ட்டை முழுதாக உருவிப் பாருங்கள். ஷாஃப்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போக வேண்டும். பள்ளத்தைத் தவறவிட்டு மாட்டியிருந்தால் இறுக்கம் இருப்பது போலத் தோன்றும், ஒரு நாள் ஜாயிண்ட் மேலே நழுவி ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடும்.

இரண்டாவது வகை, ஷாஃப்டின் பல் தேய்ந்திருப்பது அல்லது சிலுவைக்குள் இருக்கும் ஊசி பேரிங் துருப்பிடித்துப் பொடியானது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு வாரத்தில் ஆட்டம் திரும்பி வந்தால் பல் போய்விட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். ஜாயிண்டையே மாற்ற வேண்டும். கழற்றும் முன் ஷாஃப்டுக்கும் ஜாயிண்டுக்கும் பெயிண்ட் குறி போடாவிட்டால், மாட்டும்போது ஒரு பல் தள்ளி விழுந்து ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும்.

தேய்ந்த பல்லுக்கு ஒரு பொட்டு வெல்டு வைத்துத் தரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எந்த ஸ்டியரிங் பாகத்திலும் வெல்டு வைக்க விடாதீர்கள், காஸ் வைத்துச் சூடாக்கவும் விடாதீர்கள். சூடுபட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரும்பின் பதம் மாறிவிடும். அது வளையாது, ஒடியும்.

வீலே மேலும் கீழும் ஆடுகிறது

திருப்பும் ஆட்டம் அல்ல. வீலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துத் தள்ளினால் 'லொட லொட' என்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே காலம் ஷாஃப்டைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளை முதலில் பாருங்கள். அவை இறுகியிருந்தும் ஆடினால் காலம் ஷாஃப்டின் மேல் முனையில் உள்ள புஷ் (ஷாஃப்டைச் சுற்றித் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. வீல் நடு நட் தளர்ந்திருப்பதும் உண்டு. ஹாரன் மூடியைக் கழற்றினால் தெரியும். ஷாஃப்டின் மேல் முனையில் வீல் பற்களில் அசைந்தால் அந்த நட்தான் காரணம்.

குண்டும் குழியுமான ரோட்டில் 'டக் டக்', கையில் குத்துகிறது

ஓம்னிக்காரர்கள் அதிகம் சொல்லும் அறிகுறி இதுதான். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: டை ராட் எண்ட், ராக் எண்ட், ராக்கைச் சேஸிஸில் பிடிக்கும் ரப்பர் புஷ்.

டை ராட் எண்டை இரு பேர் சோதனையில் நேராகத் தொட்டுப் பார்க்கலாம். அதன் ரப்பர் கிழிந்திருந்தால் ஆட்டம் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது. கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போன மூட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. மேலும் கீழுமாக இடுக்கியால் அழுத்தினால் லேசாக அமுங்கித் திரும்புவது குறையல்ல, உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. பக்கவாட்டில் 'டிக்' என்று நகர்வதுதான் குறை.

ராக் எண்ட் மடிப்பு உறைக்குள் மறைந்திருப்பதால் நிறையப் பேர் அதைச் சோதிப்பதே இல்லை. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஒருவர் டயரை 3 மணியிலும் 9 மணியிலும் பிடித்துச் சட்டென்று உள்ளே வெளியே ஆட்டட்டும். நீங்கள் உறையின் உள்முனையை வெளியிலிருந்தே இறுக்கி அமுக்கி, உள்ளே இருக்கும் உருண்டையைக் கைக்குள் பிடியுங்கள். ராட் நகரும்போது உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் இடையே தட்டுவது கைக்குத் தெரியும். உறைக்குள் தண்ணீரோ சேறோ இருந்தால் ராக்கின் பற்களும் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ராக் எண்டை மட்டும் மாற்றும் முன், உறையைப் பின்னுக்குத் தள்ளி ராக்கின் தண்டைத் துடைத்துப் பாருங்கள். அதில் பள்ளம் விழுந்திருந்தால் முழு ராக்தான்.

ராக் புஷ்ஷைப் பார்ப்பது எளிது. வீலை ஆட்டும்போது ராக்கின் உடம்பே கிளாம்புக்குள் இடம் வலமாக நகர்கிறதா என்று பாருங்கள். உடம்பு நகரக் கூடாது, தண்டு மட்டும்தான் நகர வேண்டும். கிளாம்ப் போல்ட் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ எண்ணெய் குடித்து ஊதியிருந்தாலோ மாற்றுங்கள். மிக மலிவான பாகம். ஆனால் இதை விட்டுவிட்டுப் புது ராக் மாட்டிய வண்டிகளில் அதே 'டக் டக்' தொடர்வதைப் பார்க்கலாம்.

டை ராட் எண்ட் மாற்றுவது

வீட்டில் தைரியமாகச் செய்யக்கூடிய வேலை. சக்கரத்தைக் கழற்றுங்கள். எண்டுக்கும் ராடுக்கும் இடையே இருக்கும் லாக் நட்டின் வெளியே தெரியும் மரைகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், நட் நிற்கும் இடத்தில் பெயிண்ட் பூசுங்கள். துருநீக்கி எண்ணெய் அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதற்கு மேல் நகர்த்தினால் குறி போய்விடும்.

காட்டர் பின்னை உருவி, நட்டை ஸ்டட்டின் (எண்டிலிருந்து நீட்டும் மரையுள்ள தண்டு) முனை வரை திருப்பி அங்கேயே விடுங்கள், முழுதாகக் கழற்றாதீர்கள். நக்கிளின் கண் பகுதியில் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் இரண்டு மூன்று பலமான அடி. அடி விழுவது நக்கிளின் மேல், ஸ்டட்டின் மேல் அல்ல. கூம்பாக இறங்கி நிற்கும் ஸ்டட் அந்த அதிர்வில் விட்டுவிடும். ஸ்டட்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கி நட்டும் வராது. புல்லர் இருந்தால் அதுதான் சிறந்தது. கவட்டைக் கம்பியை நுழைத்து அடிப்பது வேகமான வழிதான், ஆனால் ரப்பரைக் கிழித்துவிடும். எப்படியும் தூக்கிப்போடப் போகும் எண்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எண்டைச் சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். புதியதை அதே எண்ணிக்கைக்கு ஏற்றுங்கள். ஒரு சுற்று தவறினாலும் டோ (முன்சக்கரங்கள் உள்ளே குவிந்தோ வெளியே விரிந்தோ நிற்கும் அளவு) பல மில்லிமீட்டர் மாறும், டயர் ஒரே பக்கம் சீவிப்போகும்.

மாட்டும் முன் ஒரு சோதனை. புது ஸ்டட்டின் கூம்பில் மார்க்கர் பேனாவால் நீளவாக்கில் நாலு கோடு போட்டு, நக்கிள் துளையில் செருகி, அழுத்தித் திருப்பி எடுங்கள். நாலு கோடும் மேலிருந்து கீழ் வரை தேய்ந்திருந்தால் கூம்பு சரியாக உட்காருகிறது. மேலே மட்டுமோ கீழே மட்டுமோ தேய்ந்திருந்தால் அது இந்த வண்டியின் பாகம் அல்ல, அல்லது பழைய எண்ட் தளர்ந்து ஓடியதில் நக்கிள் துளை அகன்றுவிட்டது. துளை அகன்றிருந்தால் நக்கிளை மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

கூம்பில் கிரீஸ் வேண்டாம், துடைத்து உலர்வாக மாட்டுங்கள். நட்டை 43 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றினால் எண்டின் அடியில் ஜாக்கி வைத்து லேசாக மேலே அழுத்துங்கள், கூம்பு பிடித்துக்கொள்ளும். காட்டர் பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். ஒருபோதும் தளர்த்தி நேராக்காதீர்கள். புது பின். இரு காலையும் பிரித்து மடக்கி, நட்டோடு ஒட்டி நிறுத்துங்கள். நைலான் வளையம் உள்ள நட் வந்திருந்தால் அதை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. கடைசியாக லாக் நட்டும் அதே 43 அளவு. இறுக்கும்போது எண்ட் ஒரு பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சாய்ந்து பூட்டிய எண்ட் முழுத் திருப்பத்தில் இடித்து ஒடியும்.

பாகம் வாங்கும்போது ஸ்டட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். கடினமாக, ஆனால் வழவழப்பாக நகர வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த உடனே தொளதொளவென்று ஆடுவதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சென்னையின் ரானே மெட்ராஸ் போல ஸ்டியரிங் பாகமே தொழிலாகச் செய்யும் நிறுவனங்களின் சரக்குக்கும் பெயரில்லாத பாலித்தீன் பையில் வரும் சரக்குக்கும் ஆயுளில் வித்தியாசம் இருக்கும்.

டயரை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம்

சக்கரத்தைத் தூக்கி 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளிருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆட்டம் தொடர்ந்தால் கீழ் பால் ஜாயிண்ட் அல்லது ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிடிக்கும் போல்ட்டுகள்.

பேரிங் என்றால் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்கில் விரல் வைத்துப் பாருங்கள். கரகரப்பு விரலுக்கு ஏறி வரும். பால் ஜாயிண்ட் சோதனைக்குச் சக்கரம் தொங்க வேண்டும். கீழ் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கம்பி விட்டு நெம்புங்கள். ஸ்ட்ரட் வண்டியில் எடையைத் தாங்குவது மேலே இருக்கும் ஸ்பிரிங், இந்த ஜாயிண்ட் அல்ல. அதனால் கம்பிக்கு உள்ளே வெளியே நகர்ந்தாலே முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். டை ராட் எண்ட் தேய்ந்தால் பெரும்பாலும் வண்டி எச்சரிக்கும், ஆட்டம் கூடிக்கொண்டே வரும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து உட்கார்ந்துவிடும். ஆட்டம் தெரிந்த பிறகு கடைவரைகூட ஓட்டாதீர்கள்.

வீலில் ஆட்டமே இல்லை, ஆனாலும் வண்டி ரோட்டில் அலைகிறது

ஸ்டியரிங்கைக் குற்றம் சொல்லி ராக்கை மாற்றுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில். ஓம்னியின் சக்கர இடைவெளி 1,840 மி.மீ. மட்டும், உயரமான பெட்டி உடம்பு. பக்கத்தில் பஸ் கடந்தால் ஒரு தள்ளு தள்ளுவது இதன் இயல்பு. அதைக் கழித்துப் பார்த்த பிறகும் நேர்ரோட்டில் ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தால் கீழே பாருங்கள்.

முதலில் டயர் காற்று. நான்கும் குளிர்ந்திருக்கும்போது, வண்டியின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ள அளவுக்கு. பின்டயரில் காற்றுக் குறைந்தால் வால் ஆடும், அதுவும் ஸ்டியரிங் ஆட்டம் போலவே கைக்குத் தெரியும். சக்கர நட்டுகளின் இறுக்கத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து பின்பட்டை. பட்டையை அச்சில் கட்டும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ் தேய்ந்து பட்டை பக்கவாட்டில் நகர்கிறதா? ஒருவர் வண்டியின் பின்பக்கத்தை இடம் வலமாகத் தள்ளட்டும். நீங்கள் ஷாக்கிளைப் பாருங்கள். பின்அச்சு ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போனாலே பின்சக்கரம் தானாக வண்டியைத் திருப்பிவிடும். பாரம் ஏற்றி ஓடிய வண்டிகளில் இது சர்வசாதாரணம். முன்னால் எத்தனை பாகம் மாற்றினாலும் இந்த அலைச்சல் தீராது.

முன்பக்கத்தில் கீழ் ஆர்ம் புஷ்ஷும் ஸ்டெபிலைசர் புஷ்ஷும். பிரேக் போடும்போது மட்டும் வண்டி ஒரு பக்கம் இழுத்து, விட்டதும் நேராகிறது என்றால் பிரேக்குக்கு முன்னால் இவற்றைச் சந்தேகியுங்கள். ரப்பர் வெடித்த பக்கத்துச் சக்கரம் பிரேக்கில் பின்னால் நகர்கிறது, அதோடு டோவும் மாறுகிறது.

திருப்பத்துக்குப் பிறகு வீல் தானாகத் திரும்பவில்லை

ஆட்டம் பிடிப்பாக மாறியிருக்கிறது. சமீபத்தில் யாராவது ராக் ஸ்குரூவை இறுக்கினார்களா என்று முதலில் கேளுங்கள்.

ராக்கின் உடம்பில், பினியனுக்கு எதிரே, லாக் நட்டோடு ஒரு ஸ்குரூ இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குமிழ்; அவை ராக்கைப் பினியனோடு ஒட்டி அழுத்திப் பிடிக்கின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ராக்கின் நடுப்பல்தான் தேய்கிறது. ஓரப் பற்கள் புதிதாகவே இருக்கும். நடுவில் உள்ள ஆட்டம் போகும் வரை ஸ்குரூவை இறுக்கினால் ஓரங்களில் ராக் பிடித்துக்கொள்ளும். வளைவில் முழுதாகத் திருப்பிய வீல் அங்கேயே நிற்கும். ஆட்டத்தைவிட இது கொடியது.

இந்த ஸ்குரூவைத் தொடலாம், மற்ற எல்லா மூட்டும் நன்றாக இருந்து, பினியன் பக்கத்தில் மட்டும் தட்டல் தெரியும்போது. முன்சக்கரங்களைத் தூக்கி, ஸ்குரூவுக்கும் உடம்புக்கும் பெயிண்ட் கோடு போட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று மட்டும். ஒவ்வொரு தடவையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை வீலைத் திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது கனத்தால் உடனே பின்னால் வாருங்கள். ராக்கை வெளியே எடுத்து மேஜையில் வைத்துச் சரிசெய்யும்போது சுசுகி முறை வேறு: ஸ்குரூவை முட்டும் வரை இறுக்கி, 0 முதல் 90 டிகிரி வரை பின்வாங்கி, பினியனைத் திருப்பத் தேவைப்படும் விசையை அளக்க வேண்டும்.

யாரும் ஸ்குரூவைத் தொடவில்லை என்றால், காற்றுக் குறைந்த முன்டயர், வறண்ட பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட்டின் உச்சியில் துருப்பிடித்த பேரிங் என்ற வரிசையில் பாருங்கள். வீலைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் அந்த உச்சி பேரிங்தான்.

வேகத்தில் வீல் நடுங்குகிறது

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி அதைத் தாண்டினால் அடங்கும் நடுக்கம் பேலன்ஸ் அல்லது வளைந்த ரிம். எல்லா வேகத்திலும் இருந்தால், டயரின் உள்நூல் அறுந்து புடைத்திருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். தேய்ந்த மூட்டு நடுக்கத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் நடுக்கத்தைப் பெரிதாக்குகிறது.

ராக் இல்லாத பழைய வேன்கள்

ராக்குக்குப் பதில் கியர் பெட்டி வைத்த பாக்ஸ் ஸ்டியரிங் உள்ள வேன்களில் பிட்மன் ஆர்ம், டிராக் லிங்க், ஐட்லர் ஆர்ம் என்று மூட்டுகள் கூடுதல். சோதனை அதேதான், ஆனால் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். ஐட்லர் ஆர்ம் மேலும் கீழும் ஆடினால் இரு சக்கரமும் தனித்தனியே டோ மாறும். பாக்ஸைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்வதும், அந்த இடத்தில் சேஸிஸ் தகடே வெடிப்பதும் உண்டு. வீலை ஆட்டும்போது பாக்ஸ் உடம்பு அசைந்தால் அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். பாக்ஸின் மேல் உள்ள ஸ்குரூவைச் சக்கரம் நேராக இருக்கும்போது மட்டுமே தொட வேண்டும். இந்த பாக்ஸுகள் நடுவில் இறுக்கமாகவும் ஓரத்தில் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்படி செய்யப்பட்டவை. திருப்பி வைத்துச் சரிசெய்தால் நடுவுக்கு வரும்போது பூட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்த பிறகு

டை ராட் எண்டோ ராக் எண்டோ மாற்றினால் அலைன்மெண்ட் கட்டாயம். கடைக்குப் போகும் தூரத்துக்கு வீட்டிலேயே தோராயமாகப் பார்த்துக்கொள்ளலாம். முன்டயர்களைச் சுற்றவிட்டு, ஆணியை அசையாமல் பிடித்து நடுவில் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். வண்டியை இறக்கி நாலைந்து மீட்டர் முன்னால் தள்ளி நிறுத்துங்கள். அப்போதுதான் சஸ்பென்ஷன் தன் இடத்தில் உட்காரும். அச்சின் உயரத்தில், டயரின் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு அளந்து, பின்பக்கமும் அளங்கள். நடுவே ஏதாவது இடித்து டேப் நேராகப் போகாவிட்டால் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து அளக்கலாம். முன்பக்க அளவு பின்பக்க அளவைவிட அதிகமாக இருந்தால் சக்கரங்கள் வெளியே விரிந்திருக்கின்றன. அப்படியே ஓட்டினால் வண்டி அலையும். இரு பக்க டை ராடையும் சம அளவில் திருப்பிச் சரிசெய்தால் வீல் கோணலாகாது.

முதல் ஓட்டம் காலி ரோட்டில், 20 கி.மீ. வேகத்தில், இரு பக்கமும் முழுத் திருப்பம், இரண்டு மூன்று பிரேக். திரும்பி வந்து ஃப்ரீ ப்ளேயை மறுபடி அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு சக்கர நட், லாக் நட், கிளாம்ப் போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்ச் போட்டு ஒரு முறை சோதித்து, காட்டர் பின் இரண்டையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.